பூச்சியுண்ணும் செடியும் கொல்லாமை நெறியும்

புலாலைத் தம் சமையலறைக்குள் நுழையவிடாத ஒரு குடும்பத்தார், எறும்பையும் ஈயையும் செரித்து வாழும் குடுவைச் செடியை ஜன்னலோரத்தில் வளர்க்கலாமா என்னும் வினா, அற்ப வினாவெனத் தள்ளத்தக்கதன்று. மேடவாக்கத்து அடுக்குமாடி வீடுகளிலே, அடுத்திருக்கும் பள்ளிக்கரணைச் சதுப்பின் ஈரக் காற்றை நம்பி நெப்பந்தஸ் என்னும் அக்குடுவைச் செடியைத் தொட்டியோடு வாங்கித் தொங்கவிடுபவர், அத்தொட்டியோடு ஒரு தர்ம விசாரத்தையும் வீட்டிற்குள் கொண்டுவந்து விடுகிறார்.

முதலில் அச்செடியின் இயல்பை அறிவோம். இந்தியாவில் இயற்கையாக வளரும் ஒரே நெப்பந்தஸ் இனம் மேகாலயத்துக் காசி, காரோ, ஜெயந்தியா மலைகளுக்குரியது. இலங்கையின் ஈரக் காடுகளில் அதன் உறவினம் ஒன்றுண்டு. நமது நீலகிரியின் ஈரப் புல்வெளிகளில் பனித்துளிச் செடியாகிய டிரசீராவும், நன்னீர்க் குளங்களில் யூட்ரிகுலேரியாவும் இதே விரதத்தை வேறு வகையில் நடத்துகின்றன. இவையனைத்தும் பச்சிலைத் தாவரங்களே. ஏனைய செடிகளைப் போலவே சூரிய ஒளியைக் கொண்டு தம் அன்னத்தைத் தாமே சமைத்துக்கொள்பவை. சாரமற்ற மண்ணில் பிறந்தமையால், அம்மண் தராத நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் பூச்சியிடமிருந்து பெறுகின்றன. ஒளியே அவற்றிற்குச் சோறு, பூச்சியோ உப்பு. நெப்பந்தஸின் இலைநுனி குடுவையாகத் திரண்டு, விளிம்பிலே தேன் சுரந்து, வழுக்கும் உட்சுவரின் கீழே செரிமான நீரைத் தேக்கி வைத்திருக்கிறது.

இது கொலையா? புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிரென வகுத்த தொல்காப்பியர், அவ்வோரறிவு தொடுவுணர்வே என்றார். 1875ஆம் ஆண்டில் பூச்சியுண்ணும் தாவரங்களைப் பற்றி ஒரு பெருநூல் வெளியிட்ட டார்வின், தலைமயிரின் மிகச்சிறு துண்டு பட்டாலும் வளைகின்ற டிரசீராவின் இலைமயிர்கள், நீர்த்துளி வந்து மோதினால் வளைவதில்லை என்று கண்டார். தொட்டதை உணரவும், பயனுள்ளதையும் பயனற்றதையும் ஓரளவு பிரித்தறியவும் வல்ல அவ்வுயிருக்கு, கொல்லவேண்டும் என்னும் சங்கற்பம் உண்டென்று சொல்ல எவ்வித ஆதாரமும் இல்லை. சமண ஆசாரியர் உமாஸ்வாதி தத்துவார்த்த சூத்திரத்தில் ஹிம்சைக்கு இலக்கணம் வகுக்கையில், உயிர் பிரிதலை மட்டும் கூறி நிறுத்தாது, அஜாக்கிரதையும் விருப்பு வெறுப்பும் அதற்குக் காரணமாக நிற்பதையும் சேர்த்தே கூறினார். அவ்விலக்கணப்படி செடியைக் குற்றவாளியாக்க இயலாது. தாவர யோனியும் புழுவின் யோனியும் ஒரே ஆன்மா கடந்துசெல்லும் படிகளே என்று கொள்ளும் சைவருக்கும், அங்கே உண்பதும் உண்ணப்படுவதும் தத்தம் நிலையில் உழலும் சகபயணிகளேயன்றிப் பகைவரல்லர்.

எனின், அதனை வாங்கி வைத்தவர் நிலை யாது? அவரிடம் அறிவும் இருக்கிறது, சங்கற்பமும் இருக்கிறது. சமணம் துறவிக்கு மகாவிரதத்தையும் இல்லறத்தானுக்கு அணுவிரதத்தையும் விதித்து, இல்லறத்தான் எண்ணித் துணிந்து செய்யும் கொலையையேனும் விலக்கியாக வேண்டும் என்றது. தானே ஊர்ந்து வந்து வழுக்கி விழும் எறும்பு அவர் எண்ணித் துணிந்த கொலையாகாது. ஈயைப் பிடித்துச் சிறகொடித்துக் குடுவைக்குள் போட்டுக் குழந்தைகளை அழைத்துக் காட்டுவது ஐயமின்றிக் கொலையேயாகும். அக்கேளிக்கை செடிக்கும் தேவையில்லை என்பதே இங்கு நாம் மகிழ்ந்து குறிக்கவேண்டிய உண்மை. நல்ல ஒளி கிடைக்குமாயின், பூச்சி ஒன்றுமின்றியே நெப்பந்தஸ் பல மாதங்கள் நலமாயிருக்கும். சமையலறை இறைச்சியை இட்டால் குடுவை அழுகிக் கெடும்.

ஜீவகாருண்யம் பூச்சியோடு முடிந்துவிடுவதன்று. பயிரின் துயரத்தையும் தம் துயரமாகக் கொண்ட வடலூர் வள்ளலாரின் நாட்டில், வாங்கிய செடியை அறியாமையால் சாகவிடுவதும் கருணைக் குறைவே. ஆழ்துளைக் கிணற்றின் உவர்நீரையோ லாரித் தண்ணீரையோ ஊற்றினால், அதிலுள்ள உப்புக்கள் தொட்டியில் சேர்ந்து வேரைக் கருக்கிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையை மொட்டைமாடியில் சுத்தமான பாத்திரத்தில் பிடித்து மூடிவைத்தல் உத்தமம். அது தீர்ந்தால், லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படாத உப்புள்ள ஆர்.ஓ. தண்ணீரை அளந்து பார்த்து ஊற்றலாம். தோட்ட மண்ணும் சாணமும் மண்புழு உரமும் இதற்கு விஷம் போன்றவை. ஸ்பாக்னம் பாசியோ, பலமுறை அலசி உப்பு நீக்கிய தென்னை நார்க்கழிவும் பெர்லைட்டும் கலந்த கலவையோ போதும். வேர் ஈரமாக இருக்கவேண்டும், நீரில் நிற்கலாகாது. காலை வெயில் படும் கிழக்கு ஜன்னல் நன்று. உச்சிவெயிலும், காற்றை உலர்த்தும் ஏ.சி. அறையும் ஆகா. புதிய இலைகளில் குடுவை திரளவில்லையெனில், ஒளியோ காற்றின் ஈரமோ குறைந்ததென்று உணர்ந்து, இடத்தை மாற்ற வேண்டுமேயன்றி உரத்தைத் தேடலாகாது.

இறுதியாக ஒன்று. மேகாலயத்து இனம் அருகி வருவதனால், அதற்கெனவே காரோ மலைப்பகுதியின் பாக்மாராவில் ஒரு சரணாலயம் இருக்கிறது. சர்வதேச வாணிபத்திலும் அதற்குக் கடுந்தடை உண்டு. தின்பதற்காக வாங்குவோர் இல்லையேல் ஊனை விற்போரும் இரார் என்னும் கருத்தைப் புலால் மறுத்தல் அதிகாரத்தில் வைத்த வள்ளுவரின் நியாயம் இங்கேயும் பொருந்தும்: காட்டில் பிடுங்கிய செடியை வாங்குவோர் இருக்கும்வரை பிடுங்குவோரும் இருப்பர். ஆகவே கொல்லாமை நெறியில் நிற்பவர் இச்செடியைத் தாராளமாக வளர்க்கலாம். ஆனால் நர்சரியில் பதியனிட்டோ விதையிட்டோ வளர்த்ததா என்று கேட்டுத் தெளிந்த பின்னரே வாங்குக. வாங்கியபின் எவ்வுயிரையும் தம் கையால் அதற்கு ஊட்டாதிருக்க.