‘இல்லை’ என்கிறவனும் ‘தெரியல’ என்கிறவனும்



இந்த மாதம் ஒரு ஜெயசாட்சியை எழுதவேண்டும் என்றுதான் பேனாவை எடுத்தேன். ஆனால் ஆவியானவர் என் தவறு ஒன்றை எழுதும்படி உள்ளத்தில் ஏவினார். ஊழியக்காரன் தன் தவறை எழுதுவது லேசான காரியமல்ல. ஆனாலும் எழுதுகிறேன். ஒரு ஆத்துமாவை நாம் இழந்துபோகாமல் இருந்தால் அதுவே போதும்.

நம் சபைச் சகோதரர் ஒருவர் சிறுநீரகம் பழுதாகி ஆஸ்பத்திரியில் இருந்தார். சபையாக மூன்று நாள் உபவாசமிருந்து ஜெபித்தோம். மூன்றாம் நாள் இரவு நான் பிரசங்க பீடத்தில் நின்று, “ஆண்டவர் பேசிவிட்டார், அவர் பிழைப்பார், தன் காலால் நடந்து இந்த சபைக்கு வருவார்” என்று அறிவித்தேன். நீங்கள் எல்லாரும் ஆமென் என்றீர்கள். மறுநாள் விடியற்காலையில் அவர் மரித்துப்போனார்.

அடக்கம் முடிந்து ஒரு மாதம் இருக்கும். வாலிபர் கூட்டம் முடிந்தபின் காலேஜில் படிக்கிற அவர் மகன் என்னிடம் வந்தான். “பாஸ்டர், அப்பா பிழைப்பார்னு ஆண்டவர் சொன்னதாச் சொன்னீங்க. அவர் சொன்னாரா, நீங்களா சொன்னீங்களான்னு எனக்குத் தெரியல. அவர் இருக்காரான்னே இப்போ எனக்குத் தெரியல” என்றான்.

அவன் தோளில் கை போட்டு அழுதிருக்கவேண்டியவன் நான். நானோ எல்லார் முன்னாலும், “தம்பி, நாத்திகப் பேச்செல்லாம் இந்த வாசலுக்குள்ள வேண்டாம்” என்று அதட்டினேன். அவன் என்னைப் பார்த்து, “நான் இல்லைன்னு சொல்லல பாஸ்டர். தெரியலன்னுதான் சொன்னேன்” என்றான். செருப்பை மாட்டிக்கொண்டு போனவன் ஏழு மாதம் இந்தப் பக்கம் வரவில்லை.

அவன் சொன்ன அந்த வித்தியாசம் ஜெப அறையிலும் என்னை விடவில்லை. ‘தேவன் இல்லை’ என்று தீர்மானமாய்ச் சொல்கிறவன் நாத்திகன். ‘இருக்கிறாரோ இல்லையோ, எனக்குத் தெரியாது’ என்கிறவனுக்கு இங்கிலீஷில் வேறொரு பெயர் உண்டு: அக்னாஸ்டிக். தாமஸ் ஹக்ஸ்லி என்ற இங்கிலாந்து விஞ்ஞானி 1869-ல் உண்டாக்கிய வார்த்தை அது. டார்வினுக்காக வாதாடினவர் அவர். மற்றவர்களெல்லாம் இந்தக் கேள்விக்கு விடை கண்டுவிட்டதாக நிச்சயமாயிருக்கிறார்கள், நானோ காணவில்லை என்பதில் நிச்சயமாயிருக்கிறேன் என்ற கருத்தில் அவர் பின்னாளில் விளக்கம் எழுதினார்.

அந்த வார்த்தைக்கு முன்னே ஒரு சின்னக் கல்லறை இருந்தது, பிரியமானவர்களே. 1860-ல் ஹக்ஸ்லியின் மூத்த மகன் நோயல், நாலு வயது நிறையாத பிள்ளை, ஸ்கார்லெட் காய்ச்சலில் மரித்தான். அடக்க ஆராதனையில் போதகர் 1 கொரிந்தியர் 15-ம் அதிகாரத்தை வாசித்தார். மரித்தோர் எழும்புவதில்லையென்றால் தின்று குடித்துக் களித்துப்போகலாமே என்று பவுல் வாதிடுகிற இடம் வந்தது. பிள்ளையைப் பறிகொடுத்து நின்ற தகப்பனுக்கு அது ஆறுதலாகக் கேட்கவில்லை. ‘விசுவாசம் இல்லாவிட்டால் நீ மிருகம்தான்’ என்று சொல்வதுபோல் காதில் விழுந்தது. அதிர்ந்துபோனார். ஆனால் சார்ல்ஸ் கிங்ஸ்லி என்ற இன்னொரு போதகர் அவருக்கு அன்பாய்க் கடிதம் எழுதினார். அவருக்கு ஹக்ஸ்லி தன் இருதயத்தையே திறந்து நீண்ட பதில் எழுதினார். மனுஷனுடைய நித்திய ஜீவனை நான் மறுக்கவுமில்லை, உறுதியாய்ச் சொல்லவுமில்லை என்பது அதன் சாரம். 1895-ல் மரிக்கும்வரை அவர் அந்த நிலையை விடவில்லை. ஆனாலும் ஒரு போதகரிடம் அவர் மனம் மூடிக்கொண்டது, இன்னொரு போதகரிடம் திறந்தது. இதை வாசித்தபோது, நான் யாரைப்போல் நடந்தேன் என்று ஆண்டவர் எனக்குக் காண்பித்தார்.

வேதத்தைத் திறந்து பாருங்கள். சங்கீதம் 14:1-ல் வருகிற மதிகேடன் தேவன் இல்லையென்று எங்கே சொல்கிறான்? மைக் பிடித்து மேடையிலா? இல்லை, உள்ளத்துக்குள்ளே! வாயில் அல்லேலூயா, கள்ளத் தராசைப் பிடிக்கும்போதோ ‘பார்க்கிறவர் யாருமில்லை’ என்ற எண்ணம். அப்படிப்பட்ட நாத்திகன் நம்முடைய முதல் வரிசையிலும் உட்கார்ந்திருக்கலாம். என்னையும் சேர்த்துத்தான் சொல்லுகிறேன். கர்த்தர் பேசாததைப் பேசினார் என்று சொன்ன அன்று, நான் அவருக்குப் பயந்தவனாக இருந்தேனா? எரேமியா 23-ம் அதிகாரத்தை வாசித்து நடுங்கினேன்.

‘தெரியாது’ என்பதிலும் இரண்டு வகை உண்டு. யோவானுடைய ஞானஸ்நானம் எங்கிருந்து வந்தது என்று இயேசு கேட்டபோது, பிரதான ஆசாரியரும் மற்றவர்களும் ஒதுங்கி ஆலோசித்துவிட்டு, தெரியாது என்றார்கள் (மாற்கு 11:33). அது தப்பித்துக்கொள்ளுகிற தெரியாது. அவர்களுக்கு இயேசு பதில் சொல்லவில்லை. பார்வையடைந்த குருடனும் ஒரு காரியத்தைத் தெரியாது என்றான் (யோவான் 9:25). அது உண்மையான தெரியாது. தெரிந்ததைத் தெரியும் என்றான், தெரியாததைத் தெரியாது என்றான். அவனை ஜெப ஆலயத்தார் வெளியே தள்ளினார்கள். இயேசுவோ அவனைக் கண்டுபிடித்தார்! முடிவில் அவன் அவரைப் பணிந்துகொண்டான். நாம் தள்ளுகிற கூட்டமா, கண்டுபிடிக்கிற கூட்டமா?

தோமாவைப் பாருங்கள். தழும்பைத் தொட்டாலொழிய நம்பமாட்டேன் என்றான். பத்து சீஷர்கள் கண்ணால் கண்டவர்கள். அவர்கள் அவனை நாத்திகன் என்று துரத்தவில்லை. எட்டு நாள் கழித்து இயேசு வந்தபோது தோமா அவர்களோடேதான் உள்ளே இருந்தான் (யோவான் 20:26). துரத்தியிருந்தால் அன்றைக்கு அவன் எங்கே இருந்திருப்பான்? அந்தத் தோமாதான் கடல் கடந்து நம்முடைய சென்னைப் பட்டணம் வரை வந்து இரத்தசாட்சியாய் மரித்தான் என்று பாரம்பரியம் சொல்கிறது. எட்டு நாள் பொறுமைக்கு எவ்வளவு பெரிய அறுவடை! ஸ்தோத்திரம்!

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அந்த வீட்டுக்குப் போனேன். தாயார் நாற்காலி போட்டார்கள். நான் அந்தப் பிள்ளையைப் பார்த்து, “தம்பி, உங்க அப்பா பிழைப்பார்னு ஆண்டவர் சொல்லல. நான்தான் ஆசைப்பட்டேன். என் ஆசையை அவர் சொன்னதாச் சொல்லிட்டேன். என்னை மன்னிச்சிடு” என்றேன். வெகுநேரம் பேசாமலிருந்தான். பிறகு, “ஜெபம் பண்ணுங்க பாஸ்டர். நான் கண்ணை மூடமாட்டேன். ஆனா உக்காந்திருப்பேன்” என்றான். ஜெபித்தேன். அன்றைக்கு ஒரு நிச்சயத்தையும் அறிவிக்கவில்லை. இரக்கமாயிரும் ஆண்டவரே என்று மட்டும் சொன்னேன்.

இப்போது எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை வருகிறான். செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில், கடைசிப் பாயில் உட்காருகிறான். கை தட்டுவதில்லை. அவனிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். “பேரு மட்டும் போடாதீங்க” என்றான்.

சபையாரே, உங்கள் பாதம் தொட்டுக் கேட்கிறேன். அவனைச் சாட்சி சொல்ல எழுப்பாதீர்கள். “விசுவாசம் வந்துடுச்சா தம்பி?” என்று விசாரிக்காதீர்கள். “சாப்டியா தம்பி?” என்று விசாரியுங்கள். அவனைப்போல ‘தெரியல’ என்று சொல்லப் பயந்து மௌனமாய் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள் நம் வீடுகளிலும் இருக்கிறார்கள். ‘தெரியல’ என்று சொல்லுகிற தம்பியே, தங்கையே, உனக்கும் ஒரு வார்த்தை. அந்த வார்த்தையில் வீடு கட்டிக் குடியிருந்துவிடாதே. தேடு. அவர் நம்மில் ஒருவருக்கும் தூரமானவரல்ல என்று பவுல் அத்தேனேயில் பிரசங்கித்தது, தெரியாத தேவனுக்கும் ஒரு பலிபீடம் கட்டிவைத்திருந்த ஜனங்களிடத்தில்தான் (அப். 17). தேடுகிற வரையில் எங்களோடேயே இரு. கதவை நாங்கள் சாத்தமாட்டோம்.

ஜெபிப்போமா? அன்பின் ஆண்டவரே, நீர் பேசாததைப் பேசின எங்கள் வாயை மன்னியும். தேடுகிறவர்களை நாங்கள் தள்ளிவிடாதபடி காத்துக்கொள்ளும். தோமாவுக்காக வந்தவரே, எங்கள் பிள்ளைகளுக்காகவும் வாரும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.

கர்த்தருடைய பணியில்,
உங்கள் போதகன்