நிலம் வாங்குமுன் சகோதரியின் கையொப்பத்தைத் தேடுங்கள்



1970-களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது முதல், சுற்றுவட்டாரத்தில் கேழ்வரகு விளைந்த மேட்டு நிலங்கள் மனைகளாகி வருகின்றன. பெங்களூரு சுமார் 40 கிலோமீட்டர்தான். தாமதித்தால் விலை ஏறிவிடுமே என்ற அவசரத்தில், வாழ்நாள் சேமிப்பை முன்பணமாகக் கொடுத்துவிடுகிறோம்.

பட்டா, தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, மனைப்பிரிவு அங்கீகாரம் எல்லாம் அவசியம் பார்க்க வேண்டியவையே. ஆனால் ஒரு கேள்விக்கு இவற்றில் விடை கிடைக்காமல் போகலாம். விற்பவருடைய சகோதரிக்கு அவள் பங்கு கொடுக்கப்பட்டதா?

தகப்பனார் வஃபாத்தானதும் பட்டா அண்ணன் தம்பிகள் பெயருக்கு மாறிவிடுகிறது. அத்திப்பள்ளிக்கோ மாலூருக்கோ வாழ்க்கைப்பட்டுப் போனவளின் பெயர் விடுபட்டுப் போகிறது. வில்லங்கச் சான்றோ பதிவான பத்திரங்களை மட்டுமே காட்டும். பதிவாகாத அவள் பங்கு அதில் தெரியாது. வாய்மொழியாகச் செய்த ஹிபாவும் அப்படியே.

“கல்யாணத்தில் நகை போட்டோம், சீர் செய்தோம், அதோடு சரி” என்பார்கள். சீர் வேறு, வாரிசுப் பங்கு வேறு. தகப்பனாரின் மௌத்துக்குப் பிறகே பிறக்கும் உரிமைக்கு, முன்பே போட்ட நகை எப்படி ஈடாகும்? ஆண் மகனுக்கு இரண்டு பங்கு என்றால் பெண் மகளுக்கு ஒரு பங்கு என்று சூரத்துன் னிஸாவில் அல்லாஹ்வே விதித்துவிட்டான். மனைவியும் பெற்றோரும் முன்பே இறந்துவிட்ட ஒருவர், இரண்டு மகன்களையும் ஒரு மகளையும் 5 ஏக்கரையும் விட்டுச் சென்றால், 1 ஏக்கர் மகளுடையது.

நாட்டுச் சட்டமும் இதற்குத் துணை நிற்கிறது. 1937-ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விலக்கி வைத்திருந்தது. சென்னை மாகாணம் 1949-இல் அந்த விலக்கை நீக்கியது. ஆகவே சகோதரர்கள் தங்கள் பங்கை மட்டுமே விற்க முடியும். அவள் பங்குக்குப் பணம் கொடுத்தவர், நாளை நீதிமன்ற வாசலில் நிற்க நேரிடலாம்.

அதைவிடப் பெரிய நீதிமன்றம் ஒன்று உண்டு. சுவர்க்கத்தின் நற்செய்தி பெற்ற பதின்மரில் ஒருவரான ஸயீத் பின் ஸைத் (ரலி) அவர்கள் மீது, தன் நிலத்தை எடுத்துக்கொண்டதாக ஒரு பெண் புகார் செய்தாள். அவர்களோ நடுங்கிப் போனார்கள். அநியாயமாக ஒரு சாண் நிலத்தை எடுத்தவரின் கழுத்தில் ஏழு பூமிகள் மாலையாக மாட்டப்படும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்ததைக் கேட்ட பிறகுமா நான் அப்படிச் செய்வேன் என்று கேட்டார்கள். ஒரு சாணுக்கே இந்தக் கதி என்றால், ஒரு ஏக்கருக்கு?

ஆதலால், முதலில் வாரிசுச் சான்றைக் கேட்டு வாங்கி, பெண் மக்களை எண்ணுங்கள். தகப்பனாருக்குப் பின் இறந்த மகளின் பங்கு அவளுடைய வாரிசுகளுக்குச் சேரும். அடுத்து, வீட்டுப் பெண்களை அனுப்பி அந்தச் சகோதரியிடம் தனியாகப் பேசச் சொல்லுங்கள். அண்ணன் எதிரில் அவள் “சரி” என்பது மனப்பூர்வமான சம்மதம் ஆகிவிடாது. கிரயப் பத்திரத்தில் அவளும் கையெழுத்திட்டு, தன் பங்குத் தொகையைத் தன் கையாலேயே பெறட்டும். மனமுவந்து விட்டுக்கொடுப்பதானால், விடுதலைப் பத்திரம் பதிவாகட்டும். அதற்குப் பிறகு முன்பணம் கொடுங்கள்.

நாளை அந்த மனையில் வீடு கட்டி முஸல்லா விரிக்கும்போது, அடியில் ஒரு சகோதரியின் கண்ணீர் இருக்கக் கூடாது. ஹலாலான மண்ணில் பரக்கத்தான வாழ்வை நம் அனைவருக்கும் அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.