தேராது தெளிதல்

ஈப்போவைச் சூழ்ந்து, வடக்கே சுங்கை சிப்புட் வரையிலும் தெற்கே பத்து காஜா வரையிலும், ஒரு காலத்தில் இரப்பர்த் தோட்டங்களாக விளங்கிய நிலங்கள் பலவற்றில் இன்று செம்பனையும் வீட்டுமனைகளும் நிறைந்துள்ளன. பால்மரத்தை நம்பி வாழ்ந்த குடும்பங்களுள் சில, காய்கறி ஏற்றியும் பழைய இரும்பு வாங்கி விற்றும் பிழைக்கத் தலைப்பட்டன. அத்தகைய பிழைப்புக்கு அச்சாணியாக இருப்பது பழைய டீசல் பிக்கப் வண்டி ஒன்றேயாகும். விடியுமுன் அது கிளம்பவில்லையானால் அன்றைய வருவாய் இல்லை. 2024 ஜூன் 10 ஆம் நாள் தீபகற்பத்தில் டீசலின் விலை லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டாக உயர்ந்தபோது, இத்தகையோரின் கணக்குப் புத்தகம் மேலும் இறுகிற்று.

அவ்வண்டி காலைதோறும் கிளம்ப மறுக்கிறது எனக் கொள்வோம். உரியவர் அதனைப் பட்டறைக்குக் கொண்டு செல்கிறார். மக்கள் வழக்கில் 'போமென்' எனப்படும் பட்டறைக்காரர் பார்த்த மாத்திரத்தில் மின்கலத்தை மாற்றச் சொல்கிறார். மாற்றியும் பயனில்லை. பின்னர் குளோ பிளக்குகள் மாறுகின்றன. அதன்பின் எரிபொருள் வடிகட்டியும் மாறுகிறது. மூன்றாம் முயற்சியில் வண்டி கிளம்பிவிடுகிறது. இருவரும் மகிழ்கின்றனர். ஆயின் இங்கே ஒரு வினா எழுகின்றது. தேர்ந்து அறியாமல், பிறர் பொருளைச் செலவிட்டுச் செய்யும் ஊகம், வெற்றி பெற்றுவிட்டால் குற்றமற்றதாகிவிடுமா?

விடை காணுமுன் அவ்வெந்திரத்தின் இயல்பைச் சற்று நோக்குதல் வேண்டும். டீசல் எஞ்சினில் தீப்பொறி இல்லை. காற்றைச் சிறு இடத்தில் கடுமையாக நெருக்கினால் அது வெப்பமடையும். அவ்வெப்பத்தில் பீய்ச்சப்படும் எண்ணெய் தானே பற்றிக்கொள்ளும். ருடால்ஃப் டீசல் 1897இல் இம்முறையில் இயங்கும் எஞ்சினை வெற்றியுடன் இயக்கிக் காட்டினார். இதே உண்மையை மலாய் மக்கள் தம் தீக்குழலில் பயன்படுத்தி வந்தனர். மரத்தாலோ கொம்பாலோ ஆன சிறு குழலுள் தண்டை ஓங்கி அழுத்தினால் நுனியிலுள்ள பஞ்சு கனன்றுவிடும். மெல்ல அழுத்தினால் பற்றாது. பிறந்த வெப்பம் குழலின் சுவரிலேயே கரைந்துவிடும். மின்கலம் தளர்ந்த வண்டி கிளம்பாமைக்கும் காரணம் இதுவே.

ஆனால் காரணம் அது ஒன்று மட்டுமன்று. எஞ்சினைச் சுழற்றும்போது புகைபோக்கியைப் பார்ப்பவனுக்கு வண்டியே பாதி விடையைச் சொல்லிவிடும். புகையே இல்லையெனில் எண்ணெய் வந்து சேரவில்லை. வெண்புகை வருமாயின் எண்ணெய் வருகிறது, பற்றவில்லை. மலையிற் புகையைக் கண்டு நெருப்பை உணர்வது அளவை நூலாரின் பழைய எடுத்துக்காட்டு. இங்கோ நிலைமை தலைகீழ். புகை உண்டு, நெருப்பு இல்லை. உண்மையில் அது புகையன்று, எரியாத எண்ணெயின் ஆவி.

புகை இல்லாத இடத்தில் வடிகட்டியின் மேலுள்ள கைப்பம்பை அழுத்திப் பார்க்கலாம். அழுத்தியவுடன் வண்டி கிளம்புமாயின், இரவில் எங்கோ காற்று நுழைந்து, எண்ணெய் தொட்டிக்கே திரும்பி வடிந்துவிட்டது என அறியலாம். வெடித்த குழாயும் தளர்ந்த கவ்வியும் இதற்குப் போதும். வெண்புகை எனில் ஒவ்வொரு குளோ பிளக்கையும் தனித்தனியே சோதனை விளக்கால் சோதித்தல் வேண்டும். அவை நலமெனில் இறுதியாக எஞ்சினின் அழுத்தத்தை அளத்தல் வேண்டும். இவற்றையெல்லாம் விடுத்து ஈதரைத் தெளித்துக் கிளப்புவோரும் உளர். குளோ பிளக்கு கனன்றிருக்கையில் அவ்வாறு செய்தால் ஈதர் காலம் முந்தி வெடித்துப் பிஸ்டனையே உடைத்துவிடக்கூடும். 2019 முதல் இந்நாட்டு வாகன டீசலில் பத்து விழுக்காடு செம்பனை எரிபொருள் கலக்கப்பட்டு வருவதும் எண்ணத்தக்கது. அது நீரை ஈர்க்கும் இயல்பு மிக்கது. எனவே வடிகட்டியின் அடியில் தேங்கும் நீரையும் வடித்துப் பார்ப்பது நன்று. இரப்பரின் இடத்தைப் பிடித்த செம்பனை, வண்டியின் வயிற்றுக்குள்ளும் புகுந்துவிட்டது!

மணிமேகலையின் 27ஆம் காதை, அறிவு பிறழும் வழிகளை எண்ணும்போது, ஐயத்தையும் தேராது தெளிதலையும் வெவ்வேறாகவே வைக்கின்றது. இரண்டும் குறைகளே. ஆயின் அறநோக்கில் அவை ஒரு நிறையின அல்ல. ஐயமுற்றவன் தனக்குத் தெரியாது என்பதை அறிவான். அவன் செலவிடுவது பெரும்பாலும் தன் நேரத்தை. தேராது தெளிந்தவனோ தெளிவின் விலையைப் பிறனிடம் வாங்குகிறான். பள்ளிக்கூடங்களும் இப்பட்டறைக்கு நெடுந்தொலைவில் இல்லை. கணக்கில் தேறாத மாணவனுக்கு மேலும் மேலும் கணக்கே தரப்படுகின்றது. வினாவை வாசித்துப் பொருள் கொள்ள இயலாமையே அவன் தடை என்பதைப் பலர் பார்ப்பதில்லை. அங்கே செலவாவது அம்மாணவனின் ஆண்டுகள்.

பட்டறைக்காரரை மட்டும் பழித்தல் முறையாகாது. ஓட்டையைத் தேடும் இரண்டு மணி நேரத்துக்கு எவரும் கூலி தருவதில்லை. கையில் எடுத்துக் காட்டக்கூடிய புதிய உறுப்புக்கே தருகின்றனர். "இன்னும் தெரியவில்லை, வண்டி இன்றிரவு இங்கே நிற்கட்டும்" என்பவரை விட்டு அடுத்த பட்டறைக்குச் செல்வோரே மிகுதி. உண்மை சொல்பவன் வறுமையுறும்படி ஊரே விலை வகுத்துவிட்டு, பின்னர் உண்மையைக் காணோமே என்று வருந்துகிறது.

எனினும் இக்காரணம் குற்றத்தைக் குறைக்குமேயன்றி நீக்காது. ஊகித்தல் குற்றமன்று, மருத்துவனும் சில வேளைகளில் ஊகித்தே மருந்து தருகிறான். ஊகத்தை அறிவுபோல் காட்டுவதே குற்றம். "இது என் ஊகம்தான், பொய்த்தாலும் பொய்க்கலாம்" என்று முன்னரே சொல்வதற்கு ஒரு காசும் செலவில்லை. அச்சொல்லைக் கேட்டபின், செலவிடலாமா கூடாதா என்று முடிவு செய்பவர் பணத்துக்கு உரியவர். அதனைச் சொல்லாதவன் அவரது பணத்தை மட்டுமன்றி அம்முடிவையும் எடுத்துக்கொள்கிறான். மூன்றாம் முயற்சியில் வண்டி கிளம்பியதனால் அம்முடிவு அவரிடம் திரும்பி வந்துவிடவில்லை. மூன்றில் எது காரணம் என்பதும் தெரியவில்லை. அடுத்த முறையும் மின்கலத்திலிருந்தே தொடங்குவர்.

வேறு வகைப் பட்டறைக்காரர்களும் உளர். எண்ணெய்க் குழாயின் நடுவே ஒரு சாண் கண்ணாடி நிறக் குழாயைப் பொருத்திவிட்டு இரவெல்லாம் வண்டியை நிறுத்தி வைப்பர். காலையில் அக்குழாய் வெறுமையாக இருக்கும். அவ்விடத்திலிருந்து தொட்டியை நோக்கி விரலால் தடவிச் சென்று, வெடிப்புற்ற பழைய இரப்பர்க் குழாயைக் கண்டு, விரலளவு வெட்டி எறிந்து, கவ்வியை இறுக்கிவிடுவர். சாவியைத் திருப்பியவுடன் வண்டி கிளம்பும். கூலியைச் சொன்னதும் வண்டிக்காரர் தயங்கி நின்று, "என்ன சாமான் மாற்றினீர்கள், அண்ணே?" என்று கேட்பார்.