நெறி கட்டிய கழுத்து

திருநீறு பூசும்போதுதான் அது விரலில் பட்டது. போன தை மாதம், விடிவதற்கு முன். நெற்றிக்கும் மார்புக்கும் பூசிவிட்டுக் கழுத்துக்கு வந்த விரல், தொண்டைக்குழிக்கு இடப்பக்கம் சற்றுத் தள்ளி நின்றுவிட்டது. தோலுக்கு அடியில் புளியங்கொட்டை அளவுக்கு ஒன்று. அழுத்தினால் நழுவியது. வலி இல்லை.

எனக்குத் தைராய்டு நோய் வந்து 11 வருஷம் ஆகிறது. காரணமில்லாத அசதி, கொட்டும் முடி, மேல்ஸ்தாயிக்கு ஏறும்போது கம்மும் குரல் என்று 41 வயதில் தொடங்கியது. ரத்தம் எடுத்துப் பார்த்து ‘ஹாஷிமோட்டோ’ என்றார்கள். அன்று முதல் தினமும் வெறும் வயிற்றில் 75 மைக்ரோகிராம் மாத்திரை. அதற்கு ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி. திருவாரூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் பிள்ளைகளுக்குத் தேவாரப் பண் சொல்லிக்கொடுக்கிறேன். அப்பா ஓதுவார். நிலம் நீச்சு இல்லாத எங்கள் குடும்பத்துக்குத் தொண்டைதான் சொத்து.

அந்த வாரம் ஊரில் ஒரு வளைகாப்பு. கட்டி வந்த செய்தியை யாரோ சொல்லிவிட்டார்கள். புகுந்த வீட்டில் எனக்கு மூத்தவர், என்மேல் பிரியம் உள்ளவர்தான், என் கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “போன பிறவியில யார் கழுத்தை அறுத்தியோ, கழுத்துலயே வந்து நிக்குது. எல்லாம் வினை. அனுபவிச்சுத்தான் கழிக்கணும்.”

அதைக் கேட்ட ராத்திரி நான் தூங்கவில்லை. கட்டி என்னவாக இருக்கும் என்ற பயத்தைவிட, அவர் சொன்னது உண்மையாக இருக்குமோ என்பதே உறுத்தியது. நான் வினையை நம்புகிறவள். ஆணவம், கன்மம், மாயை என்று மும்மலக் கணக்கைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவள். அப்படிப்பட்டவள், தன் கழுத்தில் வந்த கட்டியைத் தண்டனை என்று ஏற்றுக்கொள்ள வேண்டாமா? 

விடியும் நேரத்தில் அப்பாயி நினைவுக்கு வந்தார். நாங்கள் வயலில் ஓடிக் காலில் முள் குத்திக்கொண்டு வருவோம். சொல்லாமல் மறைப்போம். இரண்டு நாளில் தொடை இடுக்கில் முடிச்சு முடிச்சாக வீங்கும். அப்பாயி தொட்டுப் பார்ப்பார். “நெறி கட்டியிருக்கு. காலைக் காட்டு, புண் எங்கே?” என்பார். வீங்கிய இடத்தில் அவர் ஒருநாளும் மருந்து வைத்ததில்லை. காலைக் கழுவி, முள்ளைத் தேடி எடுத்து, அங்கேதான் மஞ்சள் வைப்பார். புண் ஆறினால் நெறி தானே வடிந்துவிடும்.

நெறி என்ற சொல்லை நான் சைவ நெறி, நன்னெறி என்றுதான் இத்தனை காலமும் பாடம் சொல்லி வந்தேன். அதே சொல்லை அப்பாயி தொடை இடுக்கில் தொட்டுக் காட்டியிருக்கிறார். நெறி கட்டுவது பெரும்பாலும் தனி நோய் ஆகாது. எங்கோ புண் இருக்கிறது, காவல் விழித்திருக்கிறது என்று உடம்பு சொல்லும் சேதி அது.

தஞ்சாவூரில் மருத்துவரைப் பார்த்தேன். ஸ்கேன் எடுத்தார்கள். பிறகு மெல்லிய ஊசியால் கட்டியிலிருந்து துளி எடுத்துச் சோதித்தார்கள். முடிவு வந்த அன்று அந்த மருத்துவர் பொறுமையாக விளக்கினார்: “கழுத்துல மட்டும் சுமார் 300 நிணக்கணு இருக்கும்மா. நெறி கட்டறதுன்னு சொல்றது அது வீங்கறதைத்தான். தைராய்டுக்குள்ள வருஷக்கணக்கா அழற்சி நடந்தா, பக்கத்துல இருக்கிற கணுக்கள் வீங்கறது உண்டு. உங்களுக்கு அதுதான். புற்று இல்லை, டிபி இல்லை.” அதோடு விடவில்லை. எதை அலட்சியம் செய்யக்கூடாது என்றும் சொன்னார். கல் மாதிரி கெட்டியாக, நகராமல் இருக்கும் கட்டி. இரண்டு மூன்று வாரம் கடந்தும் வளரும் கட்டி. கூடவே குரல் மாற்றம், விழுங்கச் சிரமம், மாலைக் காய்ச்சல், எடை குறைவு. தைராய்டில் வரும் புற்று பரவினால் முதலில் கழுத்துக் கணுக்களில் தெரிவது உண்டு. நம் நாட்டில் கழுத்து நெறிக்குக் காசநோய் ஒரு பெரிய காரணம். முன்னோர் கண்டமாலை என்று சொன்னது பெரும்பாலும் அதுதான். ஆகவே தைராய்டுதானே என்று யாரும் தாங்களே முடிவு கட்டிவிடக் கூடாது, சோதித்துத்தான் சொல்ல வேண்டும் என்றார்.

புண் எங்கே என்ற அப்பாயியின் கேள்விக்கு என் கழுத்தில் விடை கிடைத்தது. புண் தைராய்டில். ஆனால் முள் எது?

ஜப்பானில் ஹகாரு ஹாஷிமோட்டோ என்ற இளம் அறுவை மருத்துவர் நான்கு பெண்களின் கழுத்திலிருந்து எடுத்த தைராய்டுகளை நுண்ணோக்கியில் பார்த்தார். சுரப்பிக்குள் உடம்பின் காவல் அணுக்களான நிண அணுக்கள் திரள் திரளாகக் குடியேறியிருந்தன. நிணக்கணுவில் இருப்பது போன்ற அமைப்புகளே அங்கே உருவாகியிருந்தன. கண்டதை 1912இல் எழுதி வெளியிட்டார். பிறகு சொந்த ஊரான இகாவுக்குத் திரும்பி ஊர் மக்களுக்கு வைத்தியம் பார்த்தார். 1934இல் டைபாய்டு காய்ச்சலில் இறந்துபோனார். தான் கண்டதற்குக் காரணம் என்ன என்று அவருக்குத் தெரியாது. 1956இல்தான் அது வெளிப்பட்டது: அந்த நோய் உள்ளவர்களின் ரத்தத்தில் இருந்த எதிர்ப்பொருள்கள் அவர்களுடைய தைராய்டையே பகையாக எண்ணித் தாக்கின.

முள் வெளியிலிருந்து வரவில்லை. காவலே முள்ளாகிவிட்டது.

இதை முதலில் படித்தபோது எனக்கு அழுகை வந்தது. பிறகு மெல்ல ஒன்று விளங்கியது. நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்று ஒரு சுரப்பி இருக்கிறது. காவல் அணுக்களில் ஒரு பெரும் பிரிவு அங்கேதான் ‘இது நான், இது பிறர்’ என்று பாடம் படிக்கிறது. தன்னையே தாக்கக்கூடிய அணுக்களில் பெரும்பாலானவை அங்கேயே அழிக்கப்படுகின்றன. சில தப்பிவிடும். தப்பியவற்றிடம் வஞ்சம் இல்லை; என்னைக் காப்பதாக எண்ணியே அவை என்னை அரிக்கின்றன. அவற்றுக்கு இருப்பது அறியாமை. சைவ சித்தாந்தமும் உயிரின் முதல் அழுக்காகச் சொல்வது அறியாமையைத்தான். செம்பில் களிம்புபோல ஆணவம் உயிரோடு அனாதியாக ஒட்டியிருக்கிறது. உயிர் செய்த குற்றத்துக்காக வந்து ஒட்டியதன்று. என் கழுத்தில் நடப்பதற்கு நான் சைவத்தில் ஓர் ஒப்புமை தேடினால், தண்டனையைவிட இந்த அறியாமைதான் பொருந்துகிறது.

அப்படியானால் கன்மம் பொய்யா? இல்லை. ஆனால் அந்தக் கணக்கு ஈசனிடம் இருக்கிறது. அதை எடுத்து வாசிக்கும் உரிமை வளைகாப்பு வீட்டில் யாருக்கும் கொடுக்கப்படவில்லை. திருநாவுக்கரசரைச் சூலை நோய் வாட்டியபோது அவரே முதல் பதிகத்தில், தாம் செய்த கொடுமைகளைத் தாம் அறியவில்லை என்றுதான் முறையிடுகிறார். அவர் சமணத்திலிருந்து திரும்பி வந்து நின்றபோது தமக்கை திலகவதியார் பழங்கணக்குப் பேசவில்லை. திருநீறு கொடுத்துக் கையோடு திருவதிகைக் கோயிலுக்கு அழைத்துப் போனார்.

சம்பந்தர் இன்னும் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். கொங்கு நாட்டில், இன்றைய திருச்செங்கோட்டில், அடியவர்களைக் குளிர்சுரம் வருத்தியபோது அவர் பாடியது திருநீலகண்டப் பதிகம். அந்த வினைக்கு இந்த வினை என்று சொல்லத் தெரிந்தவர்களே, உய்யும் வழியைத் தேடாமல் இருப்பது உங்களுக்கு ஊனம் அல்லவா என்று எடுத்த எடுப்பிலேயே கேட்கிறார். அடுத்த பாட்டில் சோலை வைப்பதும் குளம் தோண்டுவதும் பூப்பறித்து வழிபடுவதும் வருகின்றன. வினையை அவர் மறுக்கவில்லை. வினை என்று சொல்லிவிட்டுக் கைகட்டி உட்காருவதைத்தான் ஊனம் என்கிறார். 30 வருஷமாக அந்தப் பதிகத்தை வியாழக்குறிஞ்சியில் சொல்லிக்கொடுத்தவள் நான். அது நோயாளிக்கும், நோயாளியைப் பார்க்க வருகிறவர்களுக்கும் பாடப்பட்டது என்பது என் கழுத்தில் கட்டி வந்த பிறகுதான் உறைத்தது. அதுவும் எந்த இடத்தின் பேரால் ஆணையிட்டுப் பாடுகிறார்? கழுத்தின் பேரால். நஞ்சை உள்ளே விடாமல் நிறுத்திவைத்த ஈசனின் கழுத்தின் பேரால்.

இப்போது மறுபடி ஸ்கேன் பார்த்தாயிற்று. கட்டி அப்படியே இருக்கிறது, வளரவில்லை. காலையில் திருநீறு பூசும்போது விரல் அதைத் தொட்டுவிட்டுப் போகிறது. மாத்திரை போடுகிறேன். பிள்ளைகள் வருகிறார்கள். மேல்ஸ்தாயிக்குக் குரல் முன்போல ஏறாத நாளில் ஒரு கட்டை இறக்கிப் பாடுகிறேன்.

கழுத்தில் கட்டி தென்பட்டால் அதைப் பாவம் என்று புடவைத் தலைப்புக்குள் மறைக்காதீர்கள்; மருத்துவரிடம் காட்டுங்கள். நெறி கட்டியவர் உங்கள் வீட்டில் இருந்தால், போன பிறவியைப் பற்றி அவரிடம் பேசாதீர்கள். என் அப்பாயி கேட்டதைக் கேளுங்கள்: புண் எங்கே?