குற்றத்தின் எடை

பணி நேரத்திற்கு அப்பால் ஒருவர் செய்யும் குற்றத்தை விசாரிக்க நீதிமன்றம் இருக்கிறது. அவரைப் பணிக்கு அமர்த்தியவரும் தம் பங்கிற்குத் தண்டிப்பது முறையாகுமா? புகழ்பெற்ற விளையாட்டு வீரர்கள் குற்றம் புரியும்போதெல்லாம் எழும் இவ்வினாவுக்கு, அமெரிக்காவில் 2014-ஆம் ஆண்டு நடந்த நிகழ்ச்சியொன்றின் துணையோடு விடை தேடுவோம்.

அமெரிக்கக் கால்பந்தாட்டத்தில் பால்டிமோர் ரேவன்ஸ் அணியின் முன்னணி வீரராக விளங்கியவர் ரே ரைஸ். அவ்வாண்டு பிப்ரவரியில், அட்லாண்டிக் சிட்டியிலுள்ள சூதாட்ட விடுதியொன்றின் மின்தூக்கியில், தாம் மணக்கவிருந்த பெண்ணை அவர் தாக்கி வீழ்த்தினார். உணர்விழந்த அப்பெண்ணை அவர் வெளியே இழுத்துவரும் காட்சி சில நாட்களிலேயே எங்கும் பரவியது. ஜூலையில் தேசியக் கால்பந்து லீக் அவருக்கு விதித்த தண்டனை, இரண்டே ஆட்டங்களுக்குத் தடை. செப்டம்பர் 8-ஆம் நாள், அடி விழுந்த காட்சியே வெளியாயிற்று. அன்றே அணி அவரை நீக்கியது. லீக் அவருக்குக் காலவரையற்ற தடை விதித்தது.

இடைப்பட்ட மாதங்களில் குற்றம் வளர்ந்துவிடவில்லை. கண்டவர்களின் சினமே வளர்ந்தது. நவம்பரில் மேல்முறையீட்டை விசாரித்த முன்னாள் நீதிபதி பார்பரா ஜோன்ஸ், ரைஸ் லீக்கிடம் உண்மையை மறைக்கவில்லை எனக் கண்டு அத்தடையை நீக்கினார். எனினும் ரைஸ் அந்த லீக்கில் மீண்டும் ஆடவே இல்லை.

அப்படியாயின் பணியளிப்பவர் வாளாவிருக்க வேண்டுமா? இல்லை. ரைஸ் சிறை செல்லவில்லை; நல்வழிப்படுத்தும் திட்டமொன்றை நிறைவுசெய்ததால் 2015-இல் வழக்கே தள்ளுபடியாயிற்று. வீரரின் உழைப்பை மட்டுமன்று, அவர் பெயரையும் முகத்தையும் விற்று அணி பொருள் ஈட்டுகிறது. ஒன்றும் நடவாதது போல் அம்முகத்தையே தொடர்ந்து விற்பது, அடிபட்டவளின் வலியைப் பொருட்படுத்தாமை அன்றோ?

ஆயினும் தண்டனைக்கு அளவும் முடிவும் வேண்டும். நாய்ச்சண்டை நடத்திய வழக்கில் 2007-இல் 23 மாதச் சிறைத்தண்டனை பெற்ற மைக்கேல் விக், 2009-இல் பிலடெல்பியா ஈகிள்ஸ் அணியில் இடம் பெற்றார். ஒருவருக்குக் கதவு திறப்பதும் மற்றவருக்கு அடைபடுவதும் மக்களின் மனநிலைக்கும் வருமானக் கணக்கிற்கும் ஏற்ப அமையுமானால், அதற்கு நீதி என்று பெயரில்லை.

இன்னொன்றையும் நாம் எண்ண வேண்டும். வீரரின் வருவாய் அற்றுப்போகும்போது அடிபட்டவளின் அடுப்பும் அணைகிறது. ஒரு சொல் வெளியே போனால் குடும்பமே வீதிக்கு வரும் என்று அஞ்சும் பெண், அடுத்த அடியை மௌனமாகவே ஏற்பாள். அவளைக் காக்க வந்த தண்டனையே அவள் வாயை அடைத்துவிடும்.

ஆகவே, பணியளிப்பவர் தண்டிக்கலாம் என்பதே நம் கருத்து. ஆனால் விதி முன்கூட்டியே வகுக்கப்பட்டதாகவும், தண்டனை உண்மையை முழுமையாக ஆராய்ந்த பின் ஒரே முறை விதிக்கப்படுவதாகவும், திருந்தியவர் திரும்பிவர வழியுள்ளதாகவும் இருத்தல் வேண்டும். கேமரா கண்ட அடியும் காணாத அடியும் ஒரே எடை உடையவை. அதை உணராதவரை, நாம் தண்டிப்பது குற்றத்தை அன்று, அது வெளிப்பட்டதையே.