நோதலும் நோன்றலும்

மாந்தர்க்கு வரும் துன்பங்களை இருவகையாகப் பகுக்கலாம். வந்து நீங்குவது ஒன்று. வந்து தங்குவது மற்றொன்று. முன்னதைக் கண்டு கலங்காதிருக்க நம் நூல்கள் பலவாறு வழி கூறியுள்ளன. திருக்குறளில் இடுக்கண் அழியாமை என்றோர் அதிகாரமே உண்டு. ஆயின், நீங்க மறுத்து நாள்தோறும் உடனுறையும் துன்பத்தோடு ஒருவன் எவ்வாறு வாழ்தல் வேண்டும்? அதனை மறைத்து முறுவலிப்பதுதான் பொறுமையா? வாய்விட்டுச் சொல்வது கோழைமையா? இவ்வினாக்களைச் சற்று எண்ணிப் பார்ப்போம்.

பொதுப்படப் பேசுவதினும் ஒரு சான்றை வைத்துப் பேசுதல் தெளிவு தரும். முதுகுத்தண்டு பக்கவாட்டில் வளைந்து முறுக்கும் கொள்வதை மருத்துவர் ஸ்கோலியோசிஸ் என்பர். ஊடுகதிர்ப் படத்தில் வளைவு 10 பாகையை எட்டினால் அப்பெயர் பெறும். பெரும்பாலும் வளரிளம் பருவத்தில், காரணம் இன்னதென்று புலப்படாமலே அது தோன்றுகிறது. புத்தகப்பை சுமந்ததாலோ கோணலாக அமர்ந்ததாலோ வருவதன்று. ஆகவே பெற்றோர் தம்மை நொந்துகொள்ள வேண்டுவதில்லை. சிறு வளைவுகளைக் கண்காணித்து வந்தாலே போதும். 45, 50 பாகையைக் கடந்து வளரும் வளைவுகளுக்கே பெரும்பாலும் அறுவை மருத்துவம் பரிந்துரைக்கப்படுகிறது.

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில், இளம்பிள்ளை வாதத்தால் முதுகு வளைந்த சிறாருக்கு மருத்துவம் செய்துவந்த பால் ஹாரிங்டன் என்பார், 1962ஆம் ஆண்டில் தம் அறுவை முறையை வெளியிட்டார். வளைவின் உட்புறத்தில் எஃகுக் கம்பி ஒன்றைக் கொக்கிகளால் மாட்டித் தண்டை நிமிர்த்துவர். இடுப்பெலும்பிலிருந்து எடுத்த துணுக்குகளைப் பரப்பி முள்ளெலும்புகள் ஒன்றோடொன்று இணையச் செய்வர். இக்கட்டுரையை எழுதுபவனும் 1984ஆம் ஆண்டில், தன் 14ஆம் வயதில், அத்தகைய கம்பியைப் பெற்றவனே. மாதக்கணக்கில் மாவுக்கட்டு அணிந்திருந்து பள்ளிக்கு மீண்டேன். தோள்கள் சமமாயின, வளைவு மேலும் வளராது நின்றது. அப்பயனை மறுப்பது நன்றியின்மையாகும்.

ஆயினும் முப்பது வயதைக் கடந்த பின் வலி வந்தது, வந்தது போகவில்லை. அதற்குரிய காரணங்களை மருத்துவம் இன்று அறிந்துள்ளது. இணைந்துவிட்ட எலும்புகள் வளையா; ஆதலின் அவற்றுக்குக் கீழுள்ள மூட்டுகளும் வட்டுகளும் கூடுதல் பளுவைச் சுமந்து விரைவில் தேய்கின்றன. கம்பி இடுப்புவரை இறங்கியிருந்தால், கீழ்முதுகில் இயற்கையாக அமைந்த உட்குழிவு தட்டையாகி, உடல் முன்னோக்கிச் சாய்கிறது. நிமிர்ந்து நிற்பதற்கே தசைகள் நாளெல்லாம் உழைக்க வேண்டியுள்ளது. நெடுநாள் வலியால் நரம்பு மண்டலமே கூருணர்வு பெற்றுச் சிறு தூண்டலையும் பெருவலியாக உணர்வதும் உண்டு. இதனைப் படிக்கும் பெற்றோர் அஞ்சற்க. பிற்காலத்து முறைகள் முதுகின் இயல்பான வளைவுகளைக் காக்க முயல்கின்றன. அறுவைக்குப் பின் நலமாக வாழ்வோரும் பலர்.

“அறுவை முடிந்து எத்தனையோ ஆண்டாயிற்றே, இன்னுமா வலி?” இக்கேள்வியை நான் கேட்ட அளவுக்கு வேறெதனையும் கேட்டதில்லை. கேட்போர் தீயவரல்லர். புண் ஆறிவிட்டது, படத்தில் கம்பி நேராக நிற்கிறது, எனவே வலிக்கக் காரணமில்லை என்பது அவர்தம் முடிபு. ஆனால் கண்ணுக்குத் தெரியாதது இல்லை என்று முடிவுகட்டுவது அளவைப் பிழை. மருத்துவ உலகமும் இதனை உணர்ந்துவிட்டது. வலி பற்றிய ஆய்வுக்கான பன்னாட்டுக் கழகம் 2020ஆம் ஆண்டில் வலியின் வரையறையைத் திருத்தியபோது, தமக்கு வலிக்கிறது என்று ஒருவர் கூறுவதை மதித்தல் வேண்டும் என்னும் குறிப்பையும் சேர்த்தது. 2022 முதல் நடைமுறைக்கு வந்த உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில், மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலிக்குத் தனியிடம் தரப்பட்டுள்ளது.

இனி, மறைத்தல் பற்றிய வினாவுக்கு வருவோம். வலியை வெளிக்காட்டாதவனைப் புகழ்வது நம் வழக்கம். அதற்கு நியாயமும் உண்டு. ஓயாமல் புலம்புவோன் தன்னையும் சுற்றத்தையும் சோர்வுறச் செய்வான். எனினும் மறைத்த வலி மறைந்துபோவதில்லை. அது சினமாகவும் கடுஞ்சொல்லாகவும் வேறொரு வாயில் வழியே வெளிவருகிறது. வகுப்பில் ஆசிரியர் முகம் கடுத்தால், தான் ஏதோ தவறு செய்துவிட்டதாகவே எதிரில் அமர்ந்திருக்கும் குழந்தை எண்ணும். ஒருவர் பொறுமையாளர் எனப் பெயரெடுக்க, ஒன்றும் அறியாத பிள்ளை விலை கொடுக்கலாமா? “இன்று ஐயாவுக்கு முதுகு வலிக்கிறது, உங்கள்மேல் கோபமில்லை” என்னும் ஒரு வரி அக்குழந்தைக்குச் செய்யும் நீதியாகும்.

தமிழில் நோதல், நோன்றல் என ஓசையால் நெருங்கிய இரு சொற்கள் உள்ளன. நோதல் என்பது வலியுறுதல். நோன்றல் என்பது பொறுத்தல். முன்னது உடலுக்கு நேர்வது. பின்னது மனிதன் செய்வது. வலிப்பதும் வலிக்காதிருப்பதும் நம் கையில் இல்லை. வலியின் நடுவே எதைச் செய்வது, எதை விடுவது, யாரிடம் என்ன சொல்வது என்பவை பெரும்பாலும் நம் கையில் உள்ளன. நோன்றல் என்பது பல்லைக் கடித்தல் அன்று, அளவறிந்து ஒழுகுதல். திங்கட்கிழமைச் சபைக்கூடலில் நெடுநேரம் நிற்க இயலாதெனின் நாற்காலி கேட்டு அமர்வதில் இழிவில்லை. அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நடப்பதும், இயன்முறை மருத்துவர் கற்பித்த பயிற்சியை நல்ல நாளிலும் விடாது செய்வதும், வலி குறைந்த நாளில் இருநாள் வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டு மறுநாள் படுக்காதிருப்பதும் நோன்பே. நோயால் ஒரு கடமையைக் குறைத்துக்கொள்ளலாம். நோயைக் காட்டிப் பிறர்மேல் கடுமை காட்டும் உரிமை எவர்க்கும் இல்லை.

நோவுடையோனுக்கு இவை கடமையெனின், அருகிருப்போனுக்கும் ஒரு கடமை உண்டு. அது நம்புதல். ஐயத்துக்கு ஆளானவன் தன் வலியை மெய்ப்பிக்கவே பாதி வலுவை இழக்கிறான். நம்பப்பட்டவனுக்கு அவ்வலுவும் வாழ்வுக்குப் பயன்படுகிறது. பிற உயிரின் துன்பத்தைத் தன் துன்பம்போல் கருதாதவனுக்கு அறிவால் என்ன பயன் என்பது வள்ளுவர் கருத்து. அறிவு புகட்டுதலையே தொழிலாகக் கொண்ட நமக்கு அது பிறரினும் மிகுதியாகப் பொருந்தும்.

நம் வகுப்புகளிலும் வெளித்தெரியாத நோவோடு அமர்ந்திருக்கும் மாணவர் இருத்தல் கூடும். “வலிக்கிறது, ஐயா” என்று ஒரு மாணவன் கூறுவானாயின், நடிப்போ என்னும் ஐயம் நம் மனத்தில் எழுவது இயல்பு. சிலவேளை அது நடிப்பாகவும் இருக்கலாம். நடிப்பவனை நம்பினால் நாம் இழப்பது ஒரு பாடவேளை. மெய்யாகவே நோவுறுபவனை நம்பாது விட்டால், அவன் மறுமுறை நம்மிடம் வாய் திறவான். இவ்விரண்டில் எது பேரிழப்பு என்பதை ஆசிரியர் ஒவ்வொருவரும் சீர்தூக்கிப் பார்த்தல் வேண்டும்.