திருக்கண்ணமுதும் அளவும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

பாகவதோத்தமர்களே! சேதுக்கரையில் தீர்த்தமாடி, திருப்புல்லாணி ஆதி ஜகந்நாதப் பெருமாளையும் தர்ப்பசயன ராமனையும் ஸேவிக்க வந்திருக்கும் உங்களிடம், இன்று சோற்றைப் பற்றிச் சில வார்த்தைகள் விண்ணப்பிக்க விரும்புகிறேன். திருவிழா மலரில் சோற்றுக்கு என்ன வேலை என்று எண்ண வேண்டா. இத்தலத்தின் பெருமைகளுள் ஒன்று ஒரு பாத்திரப் பாயஸத்தில் அடங்கியிருக்கிறது.

மகப்பேறு வேண்டிய தசரதன் இங்கே பெருமாளைப் பணிந்து பாயஸம் பெற்றான் என்பது தலவரலாறு. இன்றும் திருக்கண்ணமுதே இங்குச் சிறந்த பிரஸாதம். வேள்வியில் தோன்றிய பாயஸத்தைத் தசரதன் பங்கிட்ட வகையை வான்மீகி முனிவர் கணக்காகவே சொல்கிறார். கோசலைக்குப் பாதி, சுமித்திரைக்குக் கால், கைகேயிக்கு அரைக்கால். எஞ்சிய அரைக்காலைச் சிந்தித்துப் பார்த்து, மீண்டும் சுமித்திரைக்கே அளித்தான். ஆயினும் தனக்குக் குறைந்தது என்று எவளும் முகம் சுளிக்கவில்லை. மூவரும் அதைத் தமக்குச் செய்த மரியாதையாகவே கொண்டு மகிழ்ந்தனர். பரதாழ்வானை உலகுக்குத் தந்தது அந்த அரைக்கால் பங்கே அன்றோ!

சென்ற முறை யாத்திரை வந்தபோது, வழியில் ஓர் உணவு விடுதியில் அமர்ந்தேன். எதிரே ஒரு மூதாட்டியும் அவர் பேரனும். கேளாமலே இலையில் சோறு குவிந்தது. "போதும் அப்பா" என்று அவர் கையால் மறிப்பதற்குள் கரண்டி கவிழ்ந்துவிட்டது. "காசு கொடுத்தாயிற்று, மிச்சம் வைக்காதே" என்று பேரனை வற்புறுத்தினார். பிள்ளை கண் கலங்க விழுங்கினான். தம் இலையில் மீந்த சோற்றைப் பிறர் காணாதபடி இலையை மடித்து மூடிவிட்டு எழுந்தார் அந்த அம்மையார். அடியேன் செய்ததையும் மறைப்பதற்கில்லை. ருசிக்கு ஆசைப்பட்டு மறுசோறு வாங்கி, பாதியை வைத்துவிட்டு எழுந்தேன்.

குவித்த இலையைக் கண்டதும் மகிழ்ச்சி, பாதியில் திணறல், எழும்போது வெட்கம். உண்டவர் பலரும் அறிந்த அநுபவம் இது. பரிமாறியவரைக் குறைகூற மாட்டேன். விருந்தினர் வயிறு நிறைய வேண்டும் என்பது நம் நாட்டுப் பண்பு. ஆனால் இலையில் விழுந்து கை பட்ட சோறு எச்சில். பானையில் இருக்கும்வரை அது பசித்த ஒருவனுக்கு உணவு. இலையில் மீந்த பிறகு எவருக்கும் கொடுக்கலாகாது. ஒரு கரண்டி செய்யும் வேறுபாடு அவ்வளவு பெரிது!

ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் அமைப்பு 2024இல் வெளியிட்ட அறிக்கை, 2022ஆம் ஆண்டில் உலகில் வீணான உணவை 105 கோடி டன் என மதிப்பிட்டது. அதில் ஏறத்தாழ 29 கோடி டன் உணவு விடுதி முதலிய இடங்களில் வீணானது. 63 கோடி டன் வீடுகளிலேயே வீணானது. விடுதிகள் பரிமாறும் அளவைப் பற்றி 2017இல் மத்திய உணவு அமைச்சராயிருந்த ராம்விலாஸ் பாஸ்வானும் பேசினார். ஆயினும் சட்டத்தால் மட்டும் ஆகும் காரியமோ இது? கண்மாய் நீரையும் ஐப்பசி, கார்த்திகை மழையையும் நம்பி நெல் விளைவிக்கும் இந்த இராமநாதபுரச் சீமையில், சோற்றின் அருமையை எடுத்துச் சொல்ல வேண்டுமோ?

மிகுதியாக உண்பவனுக்கும் யோகம் இல்லை, உண்ணவே உண்ணாதவனுக்கும் இல்லை என்று கீதையின் ஆறாம் அத்தியாயத்தில் கண்ணன் அருளினான். நம் ஊர் விடுதிகளின் பலகையில் "அளவுச் சாப்பாடு" என்று எழுதியிருப்பதைக் காண்கிறோம். குறைந்த விலைச் சாப்பாடு என்று அதை எளிதாக எண்ணுகிறோம். அதுவே ஒரு தர்மம் என்று அடியேனுக்குத் தோன்றுகிறது.

ஆகவே அன்பர்களே, கரண்டி சாய்வதற்கு முன்பே "போதும்" என்று சொல்லுங்கள். பரிமாறுவோரே, முதலில் சிறிது இட்டு, பிறகு "இன்னும் வேண்டுமா?" என்று கேளுங்கள். மிகுதி என்று கண்டால், கை படுமுன் எடுத்து வையுங்கள். அது இன்னொருவர் பசி தீர்க்கும். குழந்தையைக் கண்ணீரோடு உண்ணச் செய்யாதீர்கள்.

இன்று சந்நிதியில் உங்கள் உள்ளங்கையில் சிறிதளவே திருக்கண்ணமுது விழும். அதில் ஒரு துளியையும் நீங்கள் சிந்தமாட்டீர்கள். அந்தக் கையோடும் அந்தக் கருத்தோடுமே வீட்டிலும் விடுதியிலும் இலை முன் அமர, ஆதி ஜகந்நாதன் அருள்வானாக!

எம்பெருமான் திருவடிகளே சரணம்.